மதாம் காரின் இரண்டு சொந்தக்காரர்கள்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் நீங்கள் எல்லோரும் தேடப்போவது, அப்பா மதாம் காரோடு நிற்கும் அந்தப் படத்தைத்தான். பக்கத்தைப் புரட்டிப் புரட்டி ஏமாற வேண்டாம், அது இதில் இல்லை. அட்டையில் இருப்பது ஓட்டுநர் உரிமத்துக்காக அப்பா எடுத்துக்கொண்ட சாதாரணப் படம். ஏன் இப்படி என்று கேட்கிறவர்களுக்கு மகள் என்ற முறையில் நான் பதில் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் இதைத் தாண்டிப் போக வழியில்லை. பிரான்சில் இருக்கும் அண்ணனிடம் போனில் கேட்டேன். "எழுது. என் பங்கையும் சேர்த்தே எழுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அப்பா பிறந்ததும் வாழ்ந்ததும் கண்ணை மூடியதும் நெல்லித்தோப்பில்தான். தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. இருமி இருமியே சீக்கிரம் போய்விட்டார். அதோடு அப்பாவின் மிஷன் பள்ளிக்கூடப் படிப்பும் நின்றது. மீசை முளைக்கும் முன்பே அதே மில்லில் வேலைக்குப் போனார். இரண்டு தங்கைகளையும் கரையேற்றிய பிறகுதான் தன் கல்யாணப் பேச்சையே எடுக்க விட்டார். இதெல்லாம் என்னைவிட அத்தைமார் இருவருக்கும் நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்லிச் சொல்லி அழாத நல்லது கெட்டது எங்கள் வீட்டில் நடந்ததில்லை.

மதாம் காரை அப்பா முதன்முதலில் பார்த்தது கடற்கரைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில். சைகோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம் ஒன்று அங்கே இருந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் இறந்த பிறகு வீட்டையும் காரையும் கட்டிக் காத்த அவர் மனைவியைத்தான் ஊர் மதாம் என்றது. மில்லிலிருந்து நெல்லித்தோப்புக்கு வர அந்தத் தெருப்பக்கமே போக வேண்டாம். ஆனாலும் ஷிப்டு முடிந்தால் அப்பாவின் சைக்கிள் ஊரைச் சுற்றிக்கொண்டு அந்தத் தெரு வழியாகத்தான் வரும். கேட் திறந்திருந்தால் கார் தெரியும். பாலாடை நிறம், முகப்பில் ஒரு சிங்கம், பின்பக்கம் இரண்டு ஓரமும் மீன் வால் மாதிரிக் கூராக நிற்கும். பிரெஞ்சு தேசத்துக் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். கியரும் தரையில் கிடையாது, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும். "ஒரே ஒரு நாள் அத ஓட்டிட்டா போதும்டா, அப்பறம் எது வந்தாலும் பரவால்ல" என்று அப்பா அந்தக் காலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவருடைய கூட்டாளி. மிஷன் பள்ளியில் ஒரே பெஞ்சு. அப்பாவைவிடக் கொஞ்சம் இளையவர். அப்பா மில்லுக்குப் போனபோது அவர் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். எங்கள் ஊர்க் கோயில் குடும்பங்களில் ஞானத்தகப்பனை பர்ரேன் என்று கூப்பிடுவோம். எனக்கு மட்டும் பர்ரேனாக இருந்தவரை அண்ணனும் அப்படியே கூப்பிட, பிறகு தெருவே கூப்பிட, அவர் எல்லோருக்கும் பர்ரேன் ஆகிவிட்டார்.

மதாம் காருக்கு எது வந்தாலும் பர்ரேன்தான் போய்ப் பார்ப்பார். மகள் வீட்டோடு இருந்துவிடலாம் என்று மதாம் பிரான்சுக்குக் கிளம்பியபோது காரை வாங்க ஊரில் ஆள் இல்லை. இடது பக்க ஸ்டியரிங் என்றதும் எல்லோரும் பின்வாங்கினார்கள். அப்பாவும் பர்ரேனும் போய் நின்றார்கள். அப்போது மதாம் சொன்னதை அப்பா எங்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "ஒருத்தனுக்குன்னா நான் குடுக்க மாட்டேன். ஓட்டுறதுக்கு ஒருத்தன் வேணும், பாத்துக்கிறதுக்கு ஒருத்தன் வேணும். ரெண்டு பேரும் சேந்துன்னா எடுத்துனு போங்க." அப்படித்தான் கார் வந்தது. பதிவு மட்டும் அப்பா பெயரில் இருந்தது, பர்ரேனுக்கு ஆபீஸ் வாசலில் காத்துக்கிடக்கப் பொறுமை இல்லாததால்.

கார் ஓடிய முதல் நாள், கடற்கரையில் வெளியூர்க்காரர்களைப் படம் பிடிக்கும் போட்டோக்காரர் ஒருவரை நிறுத்தி அப்பா எடுத்துக்கொண்டதுதான் அந்தப் படம். அப்பா கல்யாணச் சட்டையில் இருப்பார். பர்ரேன் காருக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர், "டேய், வாடா" என்று அப்பா கத்தியதும் அப்படியே பனியனும் கைலியுமாக எழுந்து வந்து அப்பாவின் தோள்மேல் கை போட்டார். அந்தக் கல்யாணச் சட்டையில் விழுந்த கிரீஸ் கறை போகவே இல்லை என்று அம்மாவுக்கு இன்றுவரை கோபம்.

அதற்குப் பிறகு நெல்லித்தோப்பில் யார் வீட்டுக் கல்யாணமாக இருந்தாலும் பெண் மதாம் காரில்தான் கோயிலுக்குப் போனாள். இதைப் படிக்கிற பெண்களில் பலரும் அதில் ஏறி அழுதவர்கள்தான். அப்பா யாரிடமும் வாடகை கேட்டதில்லை. அவர் ஓட்டுவார், வலது பக்கத்தில் பர்ரேன் ஸ்பேனர் பையை மடியில் வைத்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் கோயில் பங்கில் கல்யாண வீடியோ எதைப் போட்டுப் பார்த்தாலும் மாப்பிள்ளை பெண்ணுக்கு முன்னால் இந்த இரண்டு பேருடைய பின்னந்தலையும் தெரியும்.

கோயிலில் நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை முடிந்த கையோடு எல்லோரும் அதில் வேளாங்கண்ணிக்குப் போனோம். சிதம்பரம் தாண்டி ஆக்ஸிலேட்டர் ஒயர் அறுந்துவிட்டது. சுற்றிலும் வயல், கடை கண்ணி எதுவும் இல்லை. அம்மா செபமாலையை எடுத்துவிட்டார். பர்ரேன் என் பக்கம் திரும்பி, "கண்ணு, அந்த இடுப்பு ரிப்பன அவுரு" என்றார். புது உடுப்பு, நான் தர மாட்டேன் என்று அழுதேன். அழ அழ அவிழ்த்து, அதை எஞ்சினில் கட்டி, பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, ஜன்னல் வழியாகத் தன் கையில் பிடித்துக்கொண்டார். அங்கிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் ஸ்டியரிங், கிளட்ச், பிரேக் எல்லாம் அப்பாவிடம், ஆக்ஸிலேட்டர் மட்டும் பர்ரேன் கையில். "குடு, குடு... டேய் போதும், வுடு வுடு!" என்று அப்பா கத்த, "கத்தாதடா, எனக்குத் தெரியும்" என்று பர்ரேன் கத்த, பின்சீட்டில் நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனோம். அம்மாவும் சிரித்தார்.

பிறகு கஷ்டகாலம் வந்தது. மில்லில் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசியில் கதவையே சாத்திவிட்டார்கள். அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனார். வேன் இல்லாத மாதங்களில் பெரிய மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் லோடு வண்டியும் ஓட்டினார். அந்தச் சமயத்தில் காரைக் கேட்டு ஆட்கள் வராத மாதம் இல்லை. ஓட்டல்காரர்கள் கேட்டார்கள், சினிமா ஷூட்டிங்குக்குக் கேட்டார்கள். "சோத்துக்கு இல்லாத வூட்ல சிங்கம் எதுக்கு?" என்று அம்மா வெடித்தார். அப்பா கருவடிக்குப்பத்தில் இருந்த பர்ரேனின் ஷெட்டுக்குப் போய், "என்னாடா பண்ணலாம்?" என்று கேட்டிருக்கிறார். "நீ வித்துடலாம்னு சொன்னா நான் சரின்னுடுவேன். உன் வாயால சொல்லு, பாக்கலாம்" என்றாராம் பர்ரேன். அப்பாவால் சொல்ல முடியவில்லை. கார் ஷெட்டிலேயே இருந்தது. எப்படியோ எங்களை அவர் படிக்க வைத்துவிட்டார்.

அப்பாவின் நல்ல குணங்களைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் இதைச் சொல்வேன். யாராவது "உங்க காரா?" என்று கேட்டால், "என்னுதும் இவன்துமா" என்று பர்ரேனைக் காட்டாமல் அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. பர்ரேன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவர் கை பக்கத்தில் காட்டும். நாங்கள்தான் அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்திலிருந்து அண்ணனுக்குச் சம்பந்தம் வந்தபோது, "எங்க கார்" என்று அவர்களிடம் சொன்னோம். என் கணவர் வீட்டாரிடம் நான் சொன்னதும் அதுதான். பேச்சுவாக்கில் சொன்னதுதானே என்று விட்டுவிட்டோம்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்றுபோனது. வலது கை மட்டும் கொஞ்சம் அசையும். பர்ரேன் தினமும் சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கார் விஷயம் பேசுவார். "இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணேன்டா, கொஞ்சம் பொகையுது." அப்பா அந்தக் கையைத் தூக்கிக் கியர் போடுவது போல அசைப்பார். அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. யார் முந்திப் போனாலும் மற்றவன் மதாம் காரை முன்னால் ஓட்டிக்கொண்டு கல்லறைவரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். நல்லா இருந்த காலத்தில் விளையாட்டாகப் பேசியது. கடைசி வாரத்தில் பர்ரேன் அதை மறுபடியும் சொன்னார், அப்பா தலையை ஆட்டினார். ஒரு விடியற்காலையில், அம்மா தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அவர் போய்விட்டார்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கூசுகிறது.

அண்ணன் வந்து சேரும்வரை அப்பாவைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். நம்ம ஊரில் சாவு என்றால் தெருமுனையில் பேனர் வைத்தாக வேண்டும், உங்களுக்குத் தெரியாததா? ஏர்போர்ட்டிலிருந்தே அண்ணன் போன் செய்தார். "கார் படத்த பெருசா போடச் சொல்லு. ஆனா பர்ரேன் பனியன், கைலியோட நிக்கிறாரு. என் ஆபீஸ் ஆளுங்க, என் மாமியார் வூட்டாளுங்க எல்லாரும் பாப்பாங்க. அவர எடுத்துடச் சொல்லு." எனக்கு வாய் அதிகம் என்று உறவில் எல்லோருக்கும் தெரியும். அந்த வாய் அன்றைக்கு எங்கே போனது? எனக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. என் மகளைப் பெண் பார்த்துப் போன இடத்திலிருந்தும் துக்கத்துக்கு வருவார்கள். அவர்கள் கண்ணில் ஒரு நல்ல படம் படட்டும் என்று நினைத்தேன். பேனர் கடைக்கு அண்ணன் சொன்னதையே சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அப்பா, கார், கீழே 'மதாம் கார் ஓனர்' என்று பெரிய எழுத்து, அதற்கும் கீழே சம்பந்தி வீட்டுப் பேரப்பிள்ளைகள்வரை எல்லோர் பெயரும். பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் படத்தை அனுப்பி, ஓகே என்றேன்.

பேனர் தெருமுனையில் ஏறியது. பர்ரேன் மட்டும் இன்னும் வரவில்லை. "எங்க இந்தாளு? தெனமும் வந்தவரு இன்னிக்குப் பாத்து எங்க போனாரு?" என்று குறைகூடப் பேசினேன். அவர் கருவடிக்குப்பத்து ஷெட்டில், அப்பாவின் கடைசிப் பயணத்துக்காகக் காரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார் வந்து பேனருக்குக் கீழேதான் நின்றது. பாலாடை நிறத்தில் முகம் தெரிகிற மாதிரி மின்னியது. பர்ரேன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் சத்தமாகக் கேட்டார்: "ஏம்மா, அப்பா தோள்ல கீதே, அது யாரு கை?" அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆளை வெட்டிவிட்டு, கையை விட்டுவிட்டார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டைத் தோளில் நான்கு கறுப்பு விரல்கள் மட்டும் இருந்தன. நின்றிருந்த பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். பர்ரேனின் காதில் எல்லாம் விழுந்தது. உள்ளே போனார், அப்பாவின் நெற்றியில் முத்தம் வைத்தார், வெளியே வந்து கார் சாவியை வாசல் நாற்காலியில் வைத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோயில் வண்டியில் பெட்டியை ஏற்றியாகிவிட்டது. சாமியார் காத்திருக்கிறார், பாட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "பிரான்சுல நான் லெப்ட் ஸ்டியரிங்தான் ஓட்டுறேன், எனக்கு என்னா?" என்று அண்ணன் சாவியை எடுத்துக்கொண்டு ஏறினார். மதாம் கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி போட்டார், மறுபடி நின்றது. அந்தக் குச்சிக் கியர் எங்கே விழுகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. முன்னால் கார் அடைத்துக்கொண்டு நிற்கிறது, பின்னால் அப்பா வெயிலில் கிடக்கிறார். "தள்ளுங்கப்பா ஓரமா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். அண்ணனின் முகத்தில் வேர்வை வழிந்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பர்ரேனிடம் போனேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"பர்ரேன், கொஞ்சம் வந்து..."

அவர் என்னைப் பார்க்காமலே, "ஓனரு வூட்டுப் புள்ளைங்க ஓட்டட்டும்" என்றார்.

கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். வீட்டு வாசலில் அம்மா வந்து நின்றார். அவர் பேனரையும் பார்க்கவில்லை, எதையும் அறியவில்லை. "தம்பி, வண்டிய எடுங்க" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். "அவரு எவ்ளோ நேரமா காத்துனு கீறாரு."

பர்ரேன் நடந்து வந்தார். அண்ணன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதாம் கார் ஒரே திருப்பில் உயிர் பிடித்தது. உப்பளம் கல்லறைவரை நடக்கிறவர்களின் வேகத்துக்கு அதை ஓட்டிக்கொண்டு போனார். வலது பக்கச் சீட்டில் யாரையும் உட்கார விடவில்லை. கோயிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பேனர் வைத்திருந்தோம், அதற்குக் கீழேயும் அவர்தான் ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் நடந்து வந்த நான் தலையைத் தூக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து, அம்மாவையும் அத்தைமாரையும் அதே காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். அண்ணனிடம் சாவியை நீட்டி, "இந்தாங்க ஓனரு" என்றார். தூக்கி வளர்த்த பிள்ளையை 'இந்தாங்க' என்றார். நடந்து மெயின்ரோட்டுக்குப் போய் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். முப்பதாம் நாள் பூசைக்கு வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போவதற்கு முன்பே யாரோ அப்பாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை.

மதாம் கார் ஏறக்குறைய ஓர் ஆண்டு எங்கள் வாசலிலேயே நின்றது. எடுக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. டயர் அமுங்கியது, சிங்கத்தின்மேல் காக்கை எச்சம் விழுந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பேன். விஷயம் தெரிந்தபோது அம்மா அண்ணனோடு பல நாள் வீடியோவில் பேசவில்லை. என்னிடம் இவ்வளவுதான் சொன்னார்: "நான் கூப்புட்டா வந்துடுவாரு. அது கணக்குல சேராது. வெட்டினது நீங்க, நீங்கதான் கூப்புடணும்."

முதலாண்டு நெருங்கியதும் போனேன். கருவடிக்குப்பத்து ஷெட்டில் யாருடைய பழைய அம்பாசிடருக்கோ வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா?"

"அப்பா வருஷ பூச வருது பர்ரேன். மலர் போடுறோம். அந்தப் படத்த முழுசா போடலாம்னு..."

"வேணாம்."

"நாங்க பண்ணது தப்பு பர்ரேன்."

"பனியனோட நின்னேன் பாரு, அது என் தப்பு" என்றார். வேஸ்ட் துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்கினார். "ஒன்னே ஒன்னு கேக்குறேன். வெட்டினது வெட்டினீங்க, கைய ஏன் வுட்டீங்க? அதயும் சுத்தமா எடுத்திருந்தா நான் பாட்டுக்கு அழுதுட்டுப் போயிருப்பேன். தெருவே யாரு கை, யாரு கைன்னு கேக்குது. என் கைய நான் எங்க வச்சிக்கிறதுன்னு தெரியாம நின்னேன் ரெஜினா. உன்ன ஏந்துன கை அது."

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "இனிமே முழுசா போட்டாலும் பாக்குறவன் கண்ணு வெட்டின எடத்துலதான் நிக்கும். அந்தப் படமே வேணாம்" என்று சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார். இந்த மலரில் படம் இல்லாத காரணம் இதுதான். அவர் வேண்டாம் என்றதைப் போட எங்களுக்கு உரிமை இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. பர்ரேன் ஒரு பேட்டரியோடு இறங்கினார். "எப்டி கீறீங்க அண்ணி?" என்று அம்மாவை மட்டும் கேட்டார். "வண்டி வெயில்ல கிடக்குது. அது என்னா பாவம் பண்ணுச்சு?" உள்ளே வரவில்லை, நான் கொண்டுவந்த தண்ணீரையும் வாங்கவில்லை. காற்றடித்து, பேட்டரி மாற்றி, ஸ்டார்ட் செய்தார். எங்கள் தெருவில் கார் திருப்ப இடமில்லை, மெயின்ரோடுவரை பின்னாலேயே போக வேண்டும். அவருக்கு இப்போது கழுத்து திரும்புவதில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. நான் செருப்புகூடப் போடாமல் ஓடிக் காருக்குப் பின்னால் நின்றேன்.

"வரலாம் பர்ரேன்... வரலாம்... வரலாம்..."

கார் வந்தது. தெரு வளைகிற இடத்தில் சாக்கடை இருக்கிறது, என் கண்ணில் தண்ணீர் நிறைந்து அது தெரியவில்லை. கிறீச்சென்று பிரேக் போட்டார்.

"கண்ணு எங்கடி கீது உனக்கு? வரலாம் வரலாம்னு கால்வாய்ல எறக்கப் பாத்தியே! எங்க ஒடிக்கணும்னு சொல்ல மாட்டியா? அறிவு கெட்டவளே!"

ஓர் ஆண்டு கழித்து அவர் என்னை 'டி' போட்டுத் திட்டினார். நடுத்தெருவில் நின்று தேம்பினேன். "லெப்ட்ல ஒடிங்க பர்ரேன்" என்று அழுகையோடு கத்தினேன். ஒடித்தார். மெயின்ரோட்டுக்கு வந்ததும் ஜன்னல் ஓரம் ஓடினேன். "பூசைக்கு வருவீங்களா?" அவர் கியரைப் போட்டார். "மலர்ல நன்றி சொல்றவங்க பேரு போடுறோம். உங்க பேர..."

"வாய மூடு. நன்றி சொல்றதெல்லாம் வெளியாளுக்கு. எனக்கு நன்றி சொல்ல நீ யாருடி?"

சொல்லிவிட்டு மதாம் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகவே இந்த நன்றிகள் மற்றவர்களுக்கு. அப்பாவுக்குக் கடைசி நேரத்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்து அடக்கம் செய்துவைத்த எங்கள் பங்குச் சாமியாருக்கும், முகம் சுளிக்காமல் அவரைத் திருப்பிப் படுக்கவைத்த செவிலியருக்கும், பெட்டியைத் தூக்கிய தெருப் பிள்ளைகளுக்கும், ஓர் ஆண்டாக வாசலை அடைத்துக்கொண்டு நின்ற காரைப் பொறுத்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், அம்மாவைத் தனியாக விடாத அத்தைமாருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். பேனர் கடைத் தம்பியை யாரும் குறை சொல்லக் கூடாது. அவர் நாங்கள் சொன்னதைத்தான் செய்தார்.

பர்ரேனுக்கு நன்றி சொல்லவில்லை. துக்கப்படும் குடும்பத்தாரின் வரிசையில், அம்மாவுக்கு அடுத்து, அவரை எழுதியிருக்கிறோம். அண்ணனும் நானும் அதற்குக் கீழே. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை, கேட்க எங்களுக்கு முகம் இல்லை. பூசை முடிந்ததும் இந்த மலரை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்துக்குப் போகப்போகிறவளும் நான்தான். அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவை நினைத்து அழும்,

மனைவி
தம்பி
மகன், மருமகள்
மகள், மருமகன்
பேரப்பிள்ளைகள்